லயத்து வாசல் மண்

இலங்கையின் கேகாலை மாவட்டத்துக் கோடை குறுகியது. தை பிறந்ததும் மழை தளரும், மாசியில் ஓடைகள் மெலியும், பங்குனிக் கடைசியில் பிற்பகல் இடிமழை திரும்பிவிடும். எட்டியாந்தோட்டை, தெரணியகல, புளத்கொஹுபிட்டிய மலைகள் தென்மேற்குப் பருவமழையை நேராக மார்பில் வாங்குபவை. ஆண்டின் மற்றக் காலத்தில் அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இந்தக் கோடையில்தான் இறப்பர் மரங்கள் இலை உதிர்க்கின்றன. பத்து மாதம் நிழலில் கிடந்த லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின் மீது சில வாரங்களுக்கு முழு வெயில் விழுகிறது. கோடை முற்றிப் பீலியில் தண்ணீர் நூலாக வரும் அந்த நாட்களில் பார்த்தால், லயத்து வாசல்களில் துலுக்கச் செவ்வந்தியும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் நந்தியாவட்டையும் நிறைந்திருக்கும். தண்ணீர் மிகக் குறைந்த வேளையில் பூ மிக அதிகமாக இருக்கும் இந்த ஒழுங்கு தற்செயலாக வந்ததன்று. அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. மலையகத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் கூலிவிகிதத்தையும் நோயையும் குடியுரிமையையும் சங்கங்களையும் விரிவாகப் பேசுகின்றன, பேசவும் வேண்டும். ஆனால் இஸ்தோப்பு என்ற முன்தாழ்வாரத்துக்கும் கான் என்ற வடிகாலுக்கும் இடையில் கிடக்கும் அந்தச் சிறு மண்ணைப் பற்றி யாராவது சொல்ல நேர்ந்தால், துரை பங்களாவைப் பார்த்துப் போட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி தவறு என்பதே என் வாதம். செடிகளில் பல பங்களாவிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் தோட்டத்தின் நோக்கத்தையும் நாட்காட்டியையும் அதை அங்கே ஊன்றிய மனத்தையும் தொழிலாளர்களே உருவாக்கினார்கள். அந்த மனம், இங்கேயே இருக்கப்போகிறோம் என்று சட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்ட மனம்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். கோப்பிக் காலத்தில் இப்படியொரு பூந்தோட்டம் இருந்திருக்க வழி குறைவு. மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்தார்கள். ஐப்பசியில் தொடங்கிய பறிப்பு தையோடு ஓய்ந்ததும் ஊர் திரும்பினார்கள். கோடை முற்றும் பங்குனியில் லயங்களில் பாதி காலி. செடி வைப்பவர் அது பூக்கும்போது அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வைப்பதில் பொருளில்லை. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். பறிக்கப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கில் பரவிய இறப்பரும் அப்படித்தான், இலையுதிர்காலத்துச் சிறு இடைவெளி நீங்கலாக ஆண்டு முழுவதும் வேலை. குறுகிய அகல ரயில் பாதை 1902இல் அவிசாவளையையும் 1903இல் எட்டியாந்தோட்டையையும் அடைந்தது. தேயிலையையும் பின்னர் இறப்பரையும் கொழும்புக்கு இறக்கியது. கேகாலைத் தோட்டங்களின் லயங்கள் ஆண்டு முழுவதும் ஆள் வாழும் இடங்களானது இந்த மாற்றத்தோடுதான். பங்குனியில் வாசலில் தண்ணீர் ஊற்ற ஒருவர் இருப்பது அப்போதுதான் உறுதியானது. கோப்பிக் காலத்திலும் நிலையாகத் தங்கிய சிறு கூட்டம் இருந்தது என்று சொல்லலாம், உண்மைதான். அவர்கள் வாசலில் ஒரு துளசியாவது நின்றிருக்கும். ஆனால் ஒரு வழக்கம் ஒரு சமூகத்தின் வழக்கமாவதற்கு லயம் முழுவதும் நிலைத்த குடும்பங்கள் தேவை. அது தேயிலையும் இறப்பரும் கொண்டுவந்த நிலை.

இனி பங்களாவுக்கு வருவோம், ஏனெனில் எதிர்வாதத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கியது. தாழ்நிலப் பயிர்களுக்காக 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடத் தோட்டம் அமைந்தது. அமேசனிலிருந்து கியூவுக்குப் போன விதைகளில் முளைத்த இறப்பர் நாற்றுகள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், அந்த ஆண்டே இங்கு வந்தன. கேகாலையின் இறப்பர் வரலாறு தொடங்குவதும் அங்கேதான். இதே நிறுவனங்கள் அலங்காரச் செடிகளையும் உலகின் மூலைகளிலிருந்து வரவழைத்தன. பேராதனையில் பணியாற்றிய மக்மிலன் 1910இல் வெளியிட்ட வெப்பவலயத் தோட்டக்கலைக் கைநூல் துரைமார்களின் மேசைப் புத்தகமாயிற்று. எந்தச் செடி எந்த உயரத்தில் நிற்கும், எதைப் பதியம் போடலாம், வேலிக்கு எது ஏற்றது என்பதெல்லாம் அதில் உண்டு. பங்களாத் தோட்டத்தில் மண் கொத்தி, கவாத்து வெட்டி, தண்ணீர் ஊற்றியவர் லயத்துத் தொழிலாளி. அன்றைய பேர், அதாவது நாட்கூலிப் பதிவு, அவருக்கு அந்த வேலைக்கே விழுந்தது. வெட்டி எறியும் கிளை ஒன்றை மாலையில் கையோடு எடுத்து வந்து வாசலில் ஊன்றுவதற்கு யாரிடமும் புத்தகம் கேட்க வேண்டியதில்லை. லயங்களில் பரவிய பங்களாச் செடிகளின் பட்டியலே இதைக் காட்டுகிறது. குரோட்டன், செம்பரத்தை, போகன்வில்லா, அலமாண்டா, கோலியஸ் ஆகியவை குச்சி ஊன்றினால் பிடிப்பவை; கல்வாழையும் டேலியாவும் கிழங்கைப் பிளந்தால் பெருகுபவை. கண்ணாடிக் கூண்டும் தனிக் கவனிப்பும் கேட்ட செடிகள் பங்களாவோடு நின்றுவிட்டன. ஆகவே பங்களா ஒரு நாற்றங்கால் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் நாற்று எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, தோட்டம் எதற்காகப் போடப்பட்டது என்பது வேறு கேள்வி. பங்களாத் தோட்டத்தின் உயிர் புல்வெளி. இஸ்தோப்பு நாற்காலியிலிருந்து பார்க்க, நடுவே பச்சைப் புல், ஓரங்களில் பாத்திகள், அதற்கப்பால் பள்ளத்தாக்கு. லயத்து வாசலில் புல் இல்லை. அங்கே மண் கூட்டிப் பெருக்கிச் சாணம் தெளித்த வெறுந்தரை. போலிசெய்ய நினைத்தவர்கள் முதலில் எடுக்க வேண்டியதை எடுக்கவே இல்லை. எடுத்தவற்றிலும் அதிக இடம் பெற்றவை நூலில் கோர்க்கவும் நாரில் கட்டவும் ஆன பூக்கள். பார்வைக்கு மட்டும் பயன்படும் குரோட்டன் எல்லையோரத்துக்குப் போயிற்று. வாசலுக்கு நேரே நின்றவை துளசி, நந்தியாவட்டை, செவ்வரளி, செவ்வந்தி. இவற்றில் பல பங்களா வழியே வந்தவையும் அல்ல. துலுக்கச் செவ்வந்தி மெக்சிகோவுக்கு உரியது, வாடாமல்லி மத்திய அமெரிக்காவுக்கு உரியது, அந்திமந்தாரை பெரு நாட்டுப் பக்கத்தது, நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து புறப்பட்டது. ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகு தமிழ்நாட்டில் புகுந்து, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உரிய பூக்களாகவே மாறிவிட்டவை இவற்றில் உண்டு. காய்ந்த மாலையின் ஒரு செவ்வந்தித் தலையை உதிர்த்தால் கை நிறைய விதை. கடல் கடக்க அதற்கு வேறு மூட்டை வேண்டாம். துரையின் தோட்டமே நாலு கண்டங்களிலிருந்து கடன் வாங்கியது. அப்படியிருக்க லயத்துத் தோட்டத்தின் கடனை மட்டும் போலி என்று அழைப்பதற்கு நியாயம் ஏதுமில்லை.

அந்தப் பூக்கள் எங்கே போயின என்று கேட்டால் நோக்கம் தெளிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் பெருங்கோயிலுக்கு நந்தவனம் இருந்தது. பூக்கட்ட அதற்கென்றே குடிகள் இருந்தார்கள். சந்தையில் பூக்காரர் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் இவை எவையும் இல்லை. மலைமேல் ஒரு மாரியம்மன், கூரை போட்ட சிறு கோயில், அவ்வளவுதான். பூக்கடை வேண்டுமானால் கொழும்புக்கோ கண்டிக்கோ போக வேண்டும். மாசியில் காமன் கூத்து. பங்குனியிலும் சித்திரையிலும் அம்மன் திருவிழா, ஆற்றங்கரையில் கரகம் பாலித்து எடுத்து வருவது, தேர். இடையில் சித்திரைப் புத்தாண்டு. இத்தனைக்கும் பூ வேண்டும். கரகத்துக்கே கூடைக்கணக்கில் வேண்டும். இந்தத் தேவையை நிறைவேற்ற ஒரே வழி, நந்தவனத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒவ்வொரு வாசலிலும் வைப்பதுதான். தோட்டங்களில் நடந்தது அதுவே. தலைக்கு இவ்வளவு என்று திருவிழாச் சந்தா கொடுத்த அதே குடும்பம் தன் வாசல் பூவையும் கொடுத்தது. இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. அதைப் பெரிதாகவே நினைக்கிறேன். இலங்கைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஊரில் பெருங்கோயிலுக்குள் நுழைய விடப்படாத சாதியினர். மதுரை மீனாட்சி கோயில் அவர்களுக்குத் திறந்தது 1939 ஜூலையில்தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே எட்டியாந்தோட்டைப் பக்கத்து லயத்தில் ஒரு பெண் தன் கையால் வளர்த்த பூவை அம்மனின் கரகத்துக்குக் கொடுக்கும் நிலையில் இருந்தாள். தோட்டத்தில் சாதி ஒழிந்துவிடவில்லை. லயங்களே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன, கங்காணியின் சாதிக்கு முதல் மரியாதை போயிற்று. ஆனாலும் பூ வளர்க்கும் உரிமையை இங்கே யாரும் தனிச்சொத்தாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது கோடை முற்றிய தோட்டத்தின் வேலையைப் பார்த்தால் எல்லாம் பொருந்திவருகிறது. செவ்வந்தி விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். தைப்பொங்கலை ஒட்டி, மழையின் கடைசி ஈரத்தில் நாற்றுப் போட்டால் பங்குனிக்குப் பூ கிடைக்கும். அந்த வாரங்களில் இறப்பர் இலை உதிர்ந்து வெளிச்சமும் கூடும். வெயிலைத் தேடும் மல்லிகைக்கும் ஈர நாட்டில் கொஞ்சமாவது மொட்டுவிட இதுவே வாய்ப்பு. பால்வெட்டுக்குப் போகிறவர் இருட்டோடு எழுந்து மரம் வெட்டி, முற்பகலில் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகல் பெரும்பாலும் அவருடையது. மாலை வரை கொழுந்து பறிக்கும் உயர்மலைத் தேயிலைப் பெண்ணுக்கு இந்தப் பிற்பகல் இல்லை. கேகாலை இலங்கையின் முதன்மையான இறப்பர் மாவட்டங்களில் ஒன்று என்பதால், இந்தப் பிற்பகலுக்கு இங்குள்ள வாசல்களின் வரலாற்றில் ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன். தண்ணீர்தான் கடினம். அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவிய நீர், பிள்ளையைக் குளிப்பாட்டிய நீர் என்று வீட்டில் ஒருமுறை பயன்பட்டதெல்லாம் செடிக்குப் போயிற்று. அடுப்புச் சாம்பலும் சாணமும் எரு. 1934இல் மழை பொய்த்து, களனி ஆறும் மகா ஓயாவும் குட்டைகளாக நின்றபோது அந்தக் குட்டைகளிலிருந்து கிளம்பிய மலேரியா இலங்கை முழுவதும் ஏறக்குறைய எண்பதாயிரம் உயிர்களைக் குடித்தது; மிக மோசமாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களில் கேகாலை ஒன்று. போர் நினைவுநாளில் பொப்பிப் பூவுக்கு எதிராகப் பூவரசம் பூ விற்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் இங்கே வந்து மருந்தும் பருப்பும் கொடுத்ததும், இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவுக்குப் பருப்பு மாத்தையா என்ற பெயர் நிலைத்ததும் அப்போதுதான். ஒரு பருவமழை தவறினால் இந்த மாவட்டத்தில் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. அப்படிப்பட்ட நாட்டில் கடைசிச் செம்புத் தண்ணீரில் ஒரு பங்கைப் பூவுக்கு ஒதுக்குவது அற்பமான செயலாகாது.

கேகாலைக்கே உரிய இன்னொரு எதிர்வாதம் உண்டு. நுவரெலியாவில் தோட்டம் தோட்டமாகத் தொடர்ந்து கிடக்கும். இங்கே தோட்டங்கள் சிறியவை, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. கண்டிச் சிங்களவரின் வீட்டுத்தோட்டம் பலாவும் ஈரப்பலாவும் கமுகும் மிளகும் அடுக்கடுக்காக வளரும் பழைய கலை. விகாரைக்குப் பூ கொண்டுபோவதும் அவர்களின் அன்றாட வழக்கம். லயத்துக்காரர்கள் பூ வளர்க்கக் கற்றது அயலவரிடமிருந்து என்று சொன்னால் என்ன? ஒரு பகுதி சரி. கோயில் அரளியும் நந்தியாவட்டையும் இரு சாராருக்கும் வேண்டியவை. சித்திரைத் திருவிழாவுக்கும் வெசாக்குக்கும் இடையில் நாட்கள் அதிகமில்லை. வேலிக்கு மேலே குச்சிகள் கைமாறியிருப்பது இயல்பு. ஆனால் தோட்டத்தின் அமைப்பு வேறு. கிராமத்து வீட்டுக்கு நான்கு பக்கமும் நிலம் உண்டு. முன்முற்றம் சுத்தமாகக் கூட்டப்பட்டுக் கிடக்கும், பூ மரங்கள் பெரிய தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும். லயத்துக்குப் பக்கம் என்பதே இல்லை. இருபுறமும் அடுத்தவர் சுவர். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் பின்பக்கமும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் வாழ்ந்த குடும்பத்துக்கு வெளியுலகம் என்று இருந்தது முன்வாசல் ஒன்றே. விறகு, கோழிக்கூடு, துணிக்கொடி, அம்மி, குழந்தை விளையாடும் இடம் எல்லாம் அங்கேதான். அந்த நெருக்கடிக்குள்ளேயே பூவுக்கும் ஓர் இடம் ஒதுக்கியதால் லயத்துத் தோட்டம் குறுகலாகவும் நீளமாகவும், கூரைத் தண்ணீர் விழும் கோட்டுக்கு அப்பால், கானின் விளிம்பை ஒட்டியும் அமைந்தது. இந்த வடிவத்தைக் கிராமம் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. அது லயத்துக் கட்டடத்தோடு மோதி உண்டானது.

பசித்தவர்கள் கீரை போட்டிருக்க வேண்டாமா, பூ எதற்கு என்ற கேள்வியும் எழலாம். போட்டார்கள். மேட்டிலும் ஓடைக்கரையிலும் மரவள்ளியும் கத்தரியும் பீர்க்கும் வைத்தார்கள். ஆனால் அந்த நிலம் நிர்வாகம் விட்டால் உண்டு, மறுநடுகை வந்தால் இல்லை. மாடும் பன்றியும் வேறு. வாசலையொட்டிய மண் அப்படியன்று. அதில் கன்றும் நட முடியாது, வேறு எதற்கும் அது நிர்வாகத்துக்கு உதவாது. சுகாதாரக் கண்ணுக்கோ அது ஆபத்தான இடமாகத் தெரிந்தது. 1916ஐ ஒட்டி மாத்தளைத் தோட்டங்களில் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, லயத்தைச் சுற்றிய மண்ணே நோயின் இருப்பிடம் என்ற கருத்து ஊன்றிவிட்டது. கானும் கக்கூசும் சுத்தமும் அறிக்கைகளில் எண்ணிக்கையாயின. ஒருவர் நோய் என்று குறித்த அதே மண்ணில் இன்னொருவர் சாமிக்கு உரியதை வளர்த்தார். இரண்டு பார்வையும் ஒரே அடி மண்ணின் மேல் பதிந்திருந்தன. உழைப்பவரின் உடல் நலமாக இருக்க வேண்டும் என்பதோடு நிர்வாகத்தின் அக்கறை நின்றது. அந்த மண்ணை வீட்டு வாசலாகக் கண்டது அங்கே வாழ்ந்தவர் மட்டுமே.

அது வீடா, கூலிக்குக் கொடுத்த இருப்பிடமா என்ற கேள்வி ஒருநாள் நீதிமன்றம் ஏறியது. ஏறிய வழக்கும் கேகாலை வழக்கு. தொழிலாளர் உருளவள்ளி என்று அழைத்த நேவ்ஸ்மியர் தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வேலை முடிந்தது, லயத்தைக் காலி செய்யுங்கள் என்று அறிவித்தல் வந்தது. தொழிலாளர்கள் போக மறுத்தார்கள். 1946இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் இதை முன்னிட்டு நடத்திய வேலைநிறுத்தம் கேகாலையைத் தாண்டி மலையகத்தின் பிற பகுதிகளுக்கும் பரவியது. மறுத்தவர்கள் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது. அவர்களில் ஒருவருடைய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1950இல் தீர்ந்தது. உரிமையாளருக்குத் தொந்தரவாகும் என்று தெரிந்திருப்பது வேறு, தொந்தரவு செய்வதையே நோக்கமாகக் கொள்வது வேறு என்று கவுன்சில் பிரித்துப் பார்த்தது. பல காலம் வாழ்ந்த இடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதே அந்தத் தொழிலாளியின் முதன்மையான எண்ணம்; ஆகவே அவர் குற்றவாளி ஆகார். கிராமத்தவரின் கோரிக்கையையும் இங்கே சிறுமைப்படுத்தக் கூடாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் காட்டையும் சேனையையும் இழந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். தோட்டங்கள் அவர்களின் கழுத்தை நெரித்துக்கொண்டுதான் வளர்ந்தன. நிலமற்ற ஒரு கூட்டத்துக்குக் கொடுப்பதற்காக நிலமற்ற இன்னொரு கூட்டத்தை வெளியேற்றியதே அங்கே நடந்த அநீதி. என் வாதத்துக்கு வேண்டியது, தீர்ப்பு எதை ஆராய்ந்தது என்பது. உடைமைப் பத்திரத்தை விட்டுவிட்டு எண்ணத்தை ஆராய்ந்தது. எண்ணத்துக்குச் சாட்சி கேட்டால் லயத்து மனிதனிடம் என்ன இருக்கும்? ரசீது இல்லை, உறுதி இல்லை. ஊன்றிய நந்தியாவட்டை இருந்தது. அது நன்றாகப் பூக்க ஓரிரு ஆண்டுகள் ஆகும். நாளை போகிறவர் அதை நட மாட்டார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களைப் போகிறவர்கள் என்று முடிவுகட்டியபோது, வாசல்கள் அதற்கு நேர்மாறான சாட்சியத்தை ஏற்கெனவே வைத்திருந்தன.

ஆனால் பலர் போகத்தானே செய்தார்கள்? 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. தலைமன்னார்க் கப்பலில் ஏறியவர்களில் பால்வெட்டுத் தெரிந்த கேகாலைக்காரர்களும் உண்டு. கன்னியாகுமரியிலும் கர்நாடகத்தின் சுள்ளியா பக்கத்திலும் இறப்பர்த் தோட்டங்களில் தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்டார்கள். அதனால் தங்கும் எண்ணம் என்பது பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொல்லும் கற்பனை என்று வாதிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒப்பந்தம் மக்களைக் கேட்டு எழுதப்பட்டதன்று. போனவர்களின் போக்கை அவர்களுடைய பழைய விருப்பத்துக்குச் சான்றாக எடுக்க முடியாது. விண்ணப்பித்தவர்களும் பசிக்கும் பயத்துக்கும் இடையில் நின்று விண்ணப்பித்தவர்கள். 1970களின் நடுவில் தோட்டங்களில் உணவு இல்லாமல் சாவு கூடியது. 1977இலும் 1981இலும் 1983இலும் கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள் இன வன்முறையில் தாக்கப்பட்டன. தகரப் பேணியிலும் பழைய வாளியிலும் செடி வைக்கும் வழக்கம் லயங்களில் நிலத்தோட்டத்தோடு கூடவே இருந்துவந்திருக்கிறது. அதில் ஒரு தயக்கத்தைப் படிக்க முடியும், தூக்கிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பு. ஆனால் பேணி இஸ்தோப்புத் திண்ணையில் இருக்க, அதே வீட்டின் செவ்வரளி மண்ணில்தான் நின்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருக்க விரும்பியவர்கள், இருக்க விடுவார்களா என்று அறியாதவர்கள்: அவர்களின் மனம் இரண்டு இடத்திலும் செடி வைத்தது.

இன்று லயங்கள் மெல்ல மறைகின்றன. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்பது 2010களின் நடுவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. 2017இல் இந்தியா கூடுதலாக 10,000 வீடுகளை அறிவித்தது. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி நிலம், நான்கு பக்கமும் தனக்கென்று கொஞ்சம் மண். நூறாண்டு ஆசையில் ஒரு பங்கு நிறைவேறுகிறது, அதை மனமார வரவேற்கிறேன். கவலைகளும் உண்டு. வீடு கட்ட மலையை வெட்டிச் சமன்செய்யும்போது மேல்மண் போய்விடுகிறது. எஞ்சும் செம்மண்ணில் நாலைந்து ஆண்டு எரு போடாமல் எதுவும் தழைக்காது. மண்ணின் கனம் எவ்வளவு என்பதைக் கேகாலை 2016 மே 17இல் அறிந்தது. அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயம் புதைந்தது. சரிவில் வாழ்கிறவர்களுக்கு ஆழ வேர்விடும் செடியும் அடைபடாத கானும் அழகுக்கு முன்பே உயிர்க் காரியம். ஆகவே புதிய குடியிருப்பைத் திட்டமிடுகிறவர்கள் வெட்டிய மேல்மண்ணைக் குவித்துவைத்து முன்வாசலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கழுவிய நீர் செடிக்குப் போக வழி விட வேண்டும், காணியை உறுதிப்பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். லயத்தை இடிக்குமுன் ஒவ்வொரு வாசலிலும் என்ன நின்றது, யார் கொண்டுவந்த குச்சி, எந்தத் திருவிழாவுக்கு வெட்டியது என்று அங்கேயே வாழ்ந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரு பாடசாலை மாணவர் குழுவே ஒரு கோடைக்குள் ஒரு தோட்டத்துக்கு இதைச் செய்து முடிக்க முடியும். சம்பளப் பட்டியலும் கப்பல் பட்டியலும் சேர்த்துவைத்த வரலாற்றுக்குப் பக்கத்தில், இந்த மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்து நட்டவற்றின் பட்டியலும் இருக்க வேண்டும்.